குடை போட்ட மஞ்சள் சீத்தை

விடத்தல்தீவு
5 செப்டெம்பர் 2010

அன்புள்ள சரீபாவுக்கு,

நான் எடித். சங்கக்கடைக்குப் பின்வீட்டு எடித். பத்தாம் வகுப்பில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவள். இருபது வருசத்துக்குப் பிறகு கருவாட்டு லொறியில் ஒரு கடிதம் வருகிறதே என்று திகைக்க வேண்டாம். உங்கள் விலாசத்தைத் தந்தவர் பேதுரு அண்ணன். செவ்வாய்க்கிழமைகளில் இங்கிருந்து புத்தளத்துக்குக் கருவாடு ஏற்றுகிறவர். "விடத்தல்தீவுச் சரீபா அங்க சந்தையில துணி விக்கிறா. நான் ஊர்ப்பேர் சொல்ல முதலே நான் கதைக்கிற விதத்தைக் கேட்டுக் கண்டுபிடிச்சிட்டா" என்றார். அன்றிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

நாங்கள் ஊருக்குத் திரும்பி மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு, சண்டை முடிந்த நாளிலிருந்து, செட்டிகுளம் அகதி முகாம். அதற்கும் முன்பு எங்கெங்கோ. என் கணவர் வின்சன்ட் மறுபடியும் கடலுக்குப் போகிறார். பிள்ளைகள் இரண்டு பேர். வீட்டுக்கு இன்னும் தகரக் கூரைதான்.

மாதர் சங்கத்தில் எனக்கு ஒரு தையல் மெசினும், துணிக்கடை தொடங்கக் கொஞ்சம் உதவியும் தந்திருக்கிறார்கள். இங்கே ஒரு உள்பாவாடை வேண்டுமென்றாலும் மன்னார் டவுனுக்கு பஸ் ஏற வேண்டும். கிறிஸ்மஸ் வேறு வருகிறது. ஊர் திரும்பிய பிறகு வரும் முதல் கிறிஸ்மஸ். எனக்குத் தைக்கத் தெரியும், சரக்கு எடுக்கத் தெரியாது. எதை, எவ்வளவு எடுப்பது என்று சொல்லித் தருவீர்களா? நீங்களே வாங்கி லொறியில் போட்டுவிட்டாலும் நல்லது.

உங்கள் வாப்பாவின் கடைச் சுவர் நிற்கிறது. கூரை இல்லை. உள்ளே உடைமரம் முளைத்து முள்ளாய்க் கிடக்கிறது. அந்தச் சுவரோடு சாய்த்து என் கடையைப் போடச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்று சொல்லி எங்கள் வாசலிலேயே ஒரு கொட்டில் போட்டிருக்கிறேன்.

நீங்கள் திரும்பி வருவீர்களா? கிழித்த மூன்று கடிதங்களிலும் இதை மட்டும்தான் கேட்டிருந்தேன். துணி விஷயம் நான்காவதில்தான் சேர்ந்தது.

எடித்


புத்தளம்
19 செப்டெம்பர் 2010

எடித்,

என் இடியப்பத்தில் பாதியைத் தின்று வளர்ந்தவள் இப்போது எனக்கு நீங்கள் போடுகிறாள். இன்னொரு தரம் போட்டால் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வரமாட்டேன். என் பிள்ளைகள் புத்தளத்தில் பிறந்தவர்கள். வாப்பா ஏழு வருசத்துக்கு முன்பு இங்கேதான் மௌத்தானார். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முஸ்லிம்களையெல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன அன்று, ஆளுக்கொரு பையோடு உங்கள் வீட்டைத் தாண்டித்தான் நடந்தோம். உங்கள் வாசல் படலை சாத்தியிருந்தது. அதனால் நான் வரமாட்டேன். துணி வரும்.

இனி வியாபாரம். பெருநாள் முடிந்து கை ஓய்ந்திருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் ஆசையை அலுமாரியில் வைத்துப் பூட்டு. தனக்குப் பிடித்ததை எடுக்கிற கடைக்காரி கடைசியில் அதைத் தானே உடுக்க வேண்டியதுதான். பத்துப் பங்கில் ஏழு பங்கு, சனம் கிழியக் கிழிய உடுக்கிற சாமான். பெண்கள் வீட்டில் உடுக்கிற சோட்டி, ஆண்களுக்குச் சாரம், உள்பாவாடை, தலை துவட்டத் துவாய், பள்ளிக்கூட வெள்ளை, பெனியன். இவை எந்த மாதமும் போகும், நிறம் கூடப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். இரண்டு பங்கு, பூசைக்கும் கோயிலுக்கும் உடுத்துக்கொண்டு போகிற மாதிரி ஓரளவு நல்லது. மிச்சம் ஒரு பங்கு இருக்கிறதே, அதில்தான் நீ பயப்படுவாய். அது வாசலில் தொங்கப்போட்டு, போகிறவளை நிற்க வைக்கிற உடுப்பு. விலை கூட. விற்காமலே கிடக்கும். ஆனால் அதைப் பார்க்க வருகிறவள் வெறுங்கையோடு போக வெட்கப்பட்டு ஒரு துவாயாவது வாங்குவாள்.

காலத்தையும் பார்க்க வேண்டும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் உங்கள் ஆட்களுக்குக் கடல் இல்லை. அவர்களுக்குரியதை அதற்கு முன்பே கடையில் காட்டு. பாப்பாமோட்டைப் பக்கம் வயல்காரர். பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்பார்கள். அந்தப் பெண்கள் தங்களுக்கென்று எடுப்பது அறுவடைக்குப் பிறகுதான். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டாதே.

எத்தனை வீடு, எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் என்று எழுதி அனுப்பு. வயது வேண்டாம், உயரம் வேண்டும். முகாமில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வயதும் உயரமும் ஒத்துவராது. எனக்குத் தெரியும்.

சரீபா

வாப்பாவின் கடையைப் பற்றி இனி எழுதாதே.


விடத்தல்தீவு
3 ஒக்டோபர் 2010

சரீபா,

சரி, நீ. எழுதும்போது கை கூசியது. இப்போது பழகிவிட்டது.

இந்த உறையைத் துணியில் தைத்து அனுப்புகிறேன். பேதுரு அண்ணன் நல்லவர், ஆனால் போன கடிதத்தில் இருந்த இடியப்பக் கதை எனக்கு முன்னமே அவருக்குத் தெரிந்திருந்தது.

பட்டியல் இதோடு இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடு. பிள்ளைகளை எங்கள் கதவு நிலையோடு நிற்க வைத்துக் கரியால் கோடு போட்டேன். நீ சொன்னது சரி. செபமாலை அண்ணரின் பன்னிரண்டு வயது மகள் என் எட்டு வயதுக்காரியின் உயரம்.

ஆனால் மற்றதில் நான் உன்னோடு ஒத்துப்போகவில்லை. கோபிக்காதே. தறப்பாள் கூரைக்குக் கீழே இருக்கிற சனத்துக்கு வாசலில் பளபளப்பான உடுப்பைத் தொங்கப்போட்டுக் காட்டுவது எனக்குப் பாவமாகத் தெரிகிறது. வாங்கக் கூடியவள் ஒருத்தி, பார்த்து ஏங்குகிறவள் நாற்பது பேர். இந்தக் கிறிஸ்மஸில் ஒருவருக்கும் குறை நினைப்பு வரக்கூடாது. அதனால் பத்துப் பங்கும் உடுக்கிற சாமானாகவே எடு. சோட்டிக்கும் பிள்ளைகளின் சட்டைக்கும் ஒரே அச்சுப் போட்ட சீத்தைத் துணியாக மொத்த றோலில் எடுத்தால் மலிவாக வரும். நானே தைத்துக் கொடுப்பேன். அழுக்குத் தெரியாத நிறமாகப் பார். எல்லோரும் சமமாக இருக்கட்டும்.

உன் உம்மா சுகமா? அவர் கிண்டித் தந்த தொதலின் இனிப்பை நான் மறக்கவில்லை.

எடித்


புத்தளம்
24 ஒக்டோபர் 2010

எடித்,

உம்மா சுகம். காது மந்தம், வாய் மந்தமில்லை.

நீ சொன்ன பிரகாரம் ஒரே சீத்தை, நான்கு றோல். காப்பி நிறத்தில் வெள்ளைப் புள்ளி. அழுக்கும் தெரியாது, அழகும் தெரியாது. சாரம், துவாய், உள்பாவாடை, வெள்ளைத் துணி எல்லாம் தனிப் பொட்டலம். மூட்டையைச் சுற்றிப் பொலித்தீன் போட்டிருக்கிறேன். கருவாட்டு மணம் பிடித்த துணியை மூன்று தரம் தோய்த்தாலும் பூனை பின்னால் வரும்.

நீ சொல்லாத சாமான் ஒன்றும் உள்ளே இருக்கிறது. மயில்நீலச் சாறி, வெள்ளிக் கரை. அதை வாசலில் தொங்கப்போடு. உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். விற்காவிட்டால் எனக்கே திருப்பி அனுப்பலாம்.

சமம் என்று எழுதியிருந்தாய். நல்ல மனதோடுதான் எழுதினாய். ஆனால் சோற்றில் சமம் பார்க்கலாம். உடுப்பில் சமம் பார்த்தால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. நீயே கண்டுபிடிப்பாய்.

இந்த மாதம் முடிந்தால் நாங்கள் ஊரைவிட்டு இருபது வருசம். இந்த நாட்களில் நான் யாரோடும் நன்றாகப் பேசுவதில்லை. அதனால் கடிதம் இவ்வளவுதான்.

சரீபா


விடத்தல்தீவு
14 நவம்பர் 2010

சரீபா,

கண்டுபிடித்துவிட்டேன்.

துவாய் முடிந்துவிட்டது, சாரம் முடியப் போகிறது. ஆனால் சீத்தையில் ஒரு யார் நீளத் துணிகூடப் போகவில்லை. மாதிரிக்கு ஆறு சோட்டி தைத்து வரிசையாகத் தொங்கப்போட்டேன். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் பாப்பாமோட்டையிலிருந்து வந்த வசந்தமலர்தான் சொன்னாள். முகாமில் எங்களுக்கு அடுத்த கூடாரத்தில் இருந்தவள்.

"எடித் அக்கா, கோவிக்காதேங்கோ. இது அங்க தந்த துணி மாதிரியெல்லோ கிடக்கு. தண்ணி வரிசையில நிக்கேக்க முதுகைப் பாத்து ஆர் எவர் எண்டு தெரியாது. என்ர மகளெண்டு நினைச்சு வேற ஆற்றையோ பிள்ளைக்கு ரெண்டு தரம் அடிச்சும் போட்டன். திரும்பவும் எல்லாரும் ஒரே புள்ளியோ?"

நான் அந்த வரிசையில் நின்றவள்தானே, சரீபா. எனக்கு எப்படி இது தெரியாமல் போனது? இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். முன்பே விளக்கமாகச் சொல்லியிருக்கலாமே என்று. உன் மயில்நீலச் சாறியைப் பெட்டிக்குள் அடியில் வைத்துவிட்டேன்.

பிறகு இன்னொன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவது பொய். அது எப்போதும் ஞாபகத்தில் இருப்பதுதான். உன்னிடம் சொல்லாமல் இனி உன் துணியை வாங்கி விற்க எனக்கு முடியாது.

நீங்கள் போன பிறகு உங்கள் கடை சில நாள் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. மார்கழியில் துணி மலிவாகக் கொடுக்கிறார்கள் என்றார்கள். அம்மாவும் வரிசையில் நின்று மூன்று யார் துணி வாங்கி வந்தார். மஞ்சள் சீத்தை, முழுக்கச் சின்னச் சின்னச் சிவப்புக் குடை. எங்கிருந்து வந்த துணி என்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கிறிஸ்மஸ் காலைப் பூசையில் அதே குடைச் சட்டையோடு நாங்கள் பதினொரு பிள்ளைகள் இருந்தோம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் முழந்தாளில் நின்றோம். பள்ளிக்கூடத்தில் உன் இடம் வெறுமையாக இருந்தது. நான் உன் வாப்பாவின் துணியை உடுத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் இருந்தேன்.

எனக்குப் பதினைந்து வயது என்று சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. மாட்டேன் என்று சொல்லும் வயதுதான் அது. நான் சொல்லவில்லை. மன்னித்துக்கொள் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

எடித்


விடத்தல்தீவு
7 டிசெம்பர் 2010

சரீபா,

மூன்று செவ்வாய்க்கிழமை லொறி வெறுமனே வந்துவிட்டது. வெங்காய மூட்டை இறங்கியது, கடிதம் இறங்கவில்லை. பேதுரு அண்ணன், "அவ சுகமா இருக்கிறா. உன்ர பேரெடுத்தா மட்டும் துணி மடிக்கிறா" என்றார்.

மயில்நீலச் சாறியை நேற்று எடுத்து வாசலில் தொங்கப்போட்டேன். நீ சொன்னாய் என்பதற்காகத்தான்.

எடித்


புத்தளம்
12 டிசெம்பர் 2010

எடித்,

உன் கடிதத்தைத் துணி மூட்டைக்கு அடியில் வைத்தேன். மூட்டை விற்றுக் குறையக் குறையக் கடிதம் மேலே வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு மூட்டையே இல்லை.

அந்தக் குடைச் சீத்தை வாப்பா அந்த வருசத்துக் கிறிஸ்மஸுக்காகக் கொழும்பில் எடுத்தது. வாசலில் தொங்கப்போடுகிற ஒரு பங்கு என்று எழுதினேனே, அது அதுதான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். மழையே பெய்யாத மன்னாரில் குடைக்கு என்ன வேலை என்று உம்மா கேட்டார். சாயம் போகும் என்று சொன்னார். வாப்பா போகவே போகாது என்று அடித்துச் சொன்னார். நான் எனக்கு மூன்று யார் கேட்டேன். "வித்து மிஞ்சினா உனக்குத்தான்" என்றார். மிஞ்சுகிறதோ என்று ஒவ்வொரு நாளும் றோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் ஒக்டோபர் வந்துவிட்டது.

அந்தத் துணி உக்கிப்போயிருக்கும், எரிந்துபோயிருக்கும் என்று இருபது வருசமாக நினைத்திருந்தேன். பதினொரு பிள்ளைகள் உடுத்தார்கள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. உனக்கு அதில் என்ன தைத்தார்கள்? கழுத்து என்ன வெட்டு? கை பொம்மியதா, நேர்க்கையா? சாயம் போனதா?

இனி உன் காப்பிப் புள்ளி. நான்கு றோலைத் திருப்பி அனுப்பி என் தலையில் கட்டலாம் என்று நினைக்காதே. இதோடு ஒரு பொட்டலம் வருகிறது. சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை, ஊதா என்று ஒன்பது நிறத்தில் வெட்டுத் துண்டு. சரிகை நாடா. ஒரு டப்பா நிறைய உதிரிப் பொத்தான். உடம்புக்குக் காப்பிப் புள்ளியை வை. ஒருத்திக்குச் சிவப்புக் கொலர், ஒருத்திக்குப் பச்சைப் பொக்கற், ஒருத்திக்கு விளிம்பில் மஞ்சள் பட்டி. நாற்பத்திரண்டு வீட்டில் எந்த இரண்டும் ஒத்திருக்கக் கூடாது. நீயாகத் தீர்மானிக்காதே, நிறத்தை அவர்களே கையால் எடுக்கட்டும். முகாமில் ஒருவரும் அவர்களிடம் எந்த நிறம் என்று கேட்கவில்லை. எங்களிடமும்தான்.

இரண்டு கிழமை இருக்கிறது. மெசினுக்கு எண்ணெய் விடு.

சரீபா


விடத்தல்தீவு
3 ஜனவரி 2011

என் சரீபா,

இரண்டு கிழமையும் மெசின் ஓயவில்லை. வின்சன்ட் வாடைக்கு வீட்டில் நின்றதால் பொத்தான் தைக்கப் பழக்கிவிட்டேன். வலை பொத்துகிற கைதானே. இப்போது அவர் தைத்த பொத்தான் மட்டும்தான் அறுவதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நிறம் எடுக்க விட்டேனே, அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பொத்தானுக்கு அரை மணித்தியாலம். செபமாலை அண்ணரின் மனைவி ஊதாவை எடுத்தாள், வைத்தாள், வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி ஓடிவந்து பச்சையை எடுத்தாள். கிறிஸ்மஸ் பூசையில் எல்லோரும் காப்பிப் புள்ளிதான். ஆனால் கோயிலின் பின்வரிசை வாங்கில் இருந்தபடி பார்த்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்ல என்னால் முடிந்தது. பங்குத்தந்தை பிரசங்கத்தில் என்ன சொன்னார் என்று கேட்காதே. நான் கொலர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் சாறி இன்னும் தொங்குகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் தொட்டுப் பார்க்கிறார்கள். துவாய் இரண்டாம் தரமும் முடிந்துவிட்டது. நீ வெற்றிச் சிரிப்புச் சிரிப்பது இங்கே கேட்கிறது.

இனி நீ கேட்டது. கழுத்து படகு வெட்டு. கை பொம்மியது, முழங்கைக்கு மேலே நாடா வைத்து இறுக்கியது. இடுப்பில் பின்பக்கம் முடிச்சு. சாயம் போகவில்லை. நான் நான்கு வருசம் உடுத்தேன், பிறகு தங்கச்சி. அதன் பிறகு அதை வெட்டி அம்மா ஒரு பை தைத்தார். ஞானஸ்நானப் பத்திரம், அடையாள அட்டை, வின்சன்டின் வள்ளத்துக் கடதாசி எல்லாவற்றையும் அதற்குள் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் எட்டு இடம் மாறினோம். மற்றதெல்லாம் போய்விட்டது. பை இருக்கிறது.

அது உன்னுடையது. கடதாசிகளை வெளியே எடுத்துவிட்டு இதோடு அனுப்புகிறேன். மூன்று யார் இல்லை, ஒரு சாண்தான் மிச்சம்.

எடித்


புத்தளம்
6 பெப்ரவரி 2011

எடித்,

பை வந்தது. மஞ்சள் மங்கியிருக்கிறது. குடை சிவப்பாகவே இருக்கிறது.

உம்மாவிடம் கொடுத்தேன். முதலில் மணந்து பார்த்து, "கருவாடு" என்றார். பிறகு கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். என்ன துணி என்று நான் சொல்லவில்லை. நெடுநேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட வாப்பா சொன்னது சரிதான். சாயம் போகல்ல" என்றார். வாப்பா இருந்திருந்தால் ஒரு மாதம் இதைச் சொல்லியே உம்மாவை வதைத்திருப்பார். நான் அழுதேன். உம்மா அழவில்லை. அவருக்கு வாதத்தில் தோற்ற கவலை.

உங்கள் பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டேன். வயல்கள் என்ன மாதிரி? அறுவடைச் சரக்கைப் பாதியாகக் குறைத்து எடுக்கிறேன். பள்ளிக்கூட வெள்ளையைக் குறைக்கவில்லை. சாறிக்கு விலை குறைக்காதே. பங்குனி வரட்டும்.

சரீபா


விடத்தல்தீவு
27 மார்ச் 2011

சரீபா,

சாறி போய்விட்டது.

வசந்தமலர்தான் வாங்கினாள். நான் நம்பவில்லை. வெள்ளம் அவர்களுடைய வயலில் பாதியைக் கொண்டுபோனது. மிச்சத்தை அறுத்துச் சூடடித்துவிட்டு நேரே இங்கே வந்தாள், காலில் இன்னும் வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. யோசித்து வாங்கு பிள்ளை என்று கடைக்காரியே சொல்லலாமா? நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை.

"வெள்ளத்துக்குப் பாதி குடுத்தாச்சு. உரத்துக்கு, பிள்ளையளுக்கு எல்லாத்துக்கும் குடுத்தாச்சு. மூண்டு வருசமா தந்ததைத்தான் உடுத்தனான் அக்கா. இது நான் பாத்து, நான் ஆசைப்பட்டு, நான் வாங்கினது எண்டு ஒண்டு கிடக்கட்டும்."

கொட்டிலுக்குள்ளேயே உடுத்துப் பார்த்தாள். கண்ணாடி இல்லாததால் நானும் கடைக்கு வந்திருந்த பள்ளிக்கூடத்து றஞ்சிதா ரீச்சரும் முன்னாலும் பின்னாலும் நின்று எப்படி இருக்கிறது என்று சொன்னோம். வாசலில் தொங்கினால் ஏங்குவார்கள் என்று உனக்கு எழுதினேனே. ஏங்கட்டும், சரீபா. ஏங்கவும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

இப்போது என் வாசல் வெறிச்சென்று இருக்கிறது. ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா வருகிறது. அதே மாதம் முடிய உங்கள் நோன்புப் பெருநாள். திரும்பி வந்த உங்கள் ஆட்கள் ஐந்தாறு குடும்பம் இப்போது இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு எது அடிப்படை, எதைத் தொங்கப்போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்.

நீ எழுதாதே என்று சொன்ன விஷயத்தை ஒரே தரம் எழுதிவிடுகிறேன். வின்சன்ட் உங்கள் கடைக்குள் இருந்த முள்ளையெல்லாம் வெட்டிவிட்டார். தரை நன்றாக இருக்கிறது, சீமெந்து வெடிக்கவில்லை. கூரை போடவில்லை. அதற்கு எங்களுக்கு உரிமை இல்லை.

அன்று படலையைச் சாத்தியவர் அப்பா. ஆனால் நான் வீட்டுக்குள் இருக்கவில்லை. படலைக்குப் பின்னால்தான் நின்றேன். நீ தாண்டிப் போனதை ஓலை இடுக்கால் பார்த்தேன். உன் கையில் பச்சைப் பை. படலைக் கொழுவியைக் கழற்றக் கை வைத்தேன். திறக்கவில்லை.

எடித்


புத்தளம்
15 ஜூலை 2011

எடித்,

இவ்வளவு நாளும் மூட்டைகளும் துண்டுச் சீட்டுகளும்தான் அனுப்பினேன். உன் பங்குனிக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. நீ கொழுவியில் கை வைத்ததை எனக்குத் தெரியாமலே வைத்திருக்கலாம். தெரிந்த பிறகு அந்தப் படலை முன்னைப் போல் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறாள்.

ஆவணிச் சரக்கு. ஏழு பங்கு வழக்கமானது, எண்ணிக்கை தனித் தாளில். மடுவுக்கு நடந்து போகிறவர்களுக்குச் சாயம் போகாத பருத்தியாக எடுத்திருக்கிறேன். வியர்வையில் ஊறும். பெருநாளுக்கு எங்கள் ஆட்களின் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயத்தச் சட்டை, பெண்களுக்கு நீளக்கை. காப்பிப் புள்ளி இனி வேண்டாம், நீ கேட்டாலும் தரமாட்டேன்.

தொங்கப்போடுகிற பங்குக்குக் கொழும்பு முழுக்க அலைந்தேன். பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கடையாகக் காட்டினேன். மஞ்சளில் பூ இருந்தது, மஞ்சளில் மீன்கூட இருந்தது. குடை இல்லை. அது மாதிரி ஒன்றை வாங்கி, அதுதான் என்று என்னை ஏமாற்றிக்கொள்ள விருப்பமில்லை. அதனால் இந்த முறை உன் வாசலுக்குத் துணி இல்லை.

வெறுங்கையோடு வந்த என்னைப் பார்த்து உம்மா எழுந்து போனார். தன் பெட்டியைத் திறந்து ஒரு கடதாசிக் கட்டை எடுத்து வந்தார். கடைக் காணியின் உறுதிப் பத்திரம். வாப்பா அன்று மடியில் கட்டிக்கொண்டு வந்தது. என் பிள்ளைகளுக்குக்கூட அது இருப்பது தெரியாது. உம்மா அதை நான்காக மடித்து அந்தக் குடைப் பைக்குள் வைத்தார். அளவெடுத்துத் தைத்த மாதிரிச் சரியாக இருந்தது.

பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. பேதுரு அண்ணனின் லொறியில் பின்னால் மூட்டை, முன் சீட்டில் நான். நோன்பு தொடங்குவதற்குள் திரும்ப வேண்டும், பத்து நாள்தான் நிற்பேன். காணிக் கந்தோரில் உறுதியைக் காட்ட வேண்டும், கூரைக்கு அளவெடுக்க வேண்டும். பெரியவன் பள்ளிக்கூட லீவுக்குத் தானும் வந்து பார்ப்பதாகச் சொல்கிறான். அதற்குமேல் இப்போது கேட்காதே.

ஊருக்குள் இறங்க மாட்டேன். உங்கள் வீட்டுக்கு முன்னால்தான் இறங்குவேன். பொருட்களை இறக்க ஆள் வேண்டாம், தேத்தண்ணீர் வேண்டாம், ஊரைக் கூட்டவும் வேண்டாம். லொறிச் சத்தம் கேட்டதும் படலையைத் திற.

சரீபா